எவரெஸ்டிலிருந்து நெய்யூருக்கு: டாக்டர் சோமர்வெல் நமக்கு விட்டுப்போனது



இந்தக் காலாண்டில் இரண்டு நாட்கள் வருகின்றன. ஏப்ரல் 16 டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல் பிறந்த நாள். மே 12 உலகச் செவிலியர் தினம். முதல் நாளைப் பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை. இரண்டாவது நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். இந்த இதழில் இரண்டையும் சேர்த்துக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

இரணியலிலிருந்து திங்கள்நகர் வழியாக எத்தனை முறை போயிருப்பீர்கள்? பக்கத்திலேயே நெய்யூர். அங்குள்ள மிஷன் ஆஸ்பத்திரி 1838-இல் டாக்டர் ராம்சே என்பவரால் தொடங்கப்பட்டது. இந்தியாவின் மிகப் பழைய மிஷன் மருத்துவப் பணிகளில் ஒன்று. உங்கள் தாத்தாவோ பாட்டியோ அங்கே பிறந்திருக்கலாம், வயிற்று ஆபரேஷன் செய்துகொண்டிருக்கலாம். அப்படியானால் அந்தக் கத்தியைப் பிடித்த கை, உலகின் மிக உயரமான மலையில் பனிக்கோடரியைப் பிடித்த கையாகவும் இருந்திருக்கலாம்.

செருப்புக் கடைக் குடும்பத்துப் பிள்ளை

தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் 1890-இல் வட இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் பிறந்தார். குடும்பத்துக்குக் காலணித் தொழிற்சாலை இருந்தது. வசதிக்குக் குறைவில்லை. பள்ளிப் படிப்பு ரக்பியில், கல்லூரிப் படிப்பு கேம்பிரிட்ஜில், மருத்துவப் படிப்பு லண்டனில். அந்தத் தொழிலையே பார்த்துக்கொண்டு ஊரோடு இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்குப் பிடித்தவை வேறு: மலை ஏறுவது, படம் வரைவது, இசை.

இதற்கிடையில் முதல் உலகப் போர் வந்தது. ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். 1916 ஜூலை 1-ஆம் தேதி சோம் என்ற நதிக்கரையில் பெரும் போர் தொடங்கியது. பிரிட்டிஷ் ராணுவத்தின் வரலாற்றிலேயே ஒரே நாளில் அதிகப் பேர் விழுந்த நாள் அது. அவர் இருந்த கள மருத்துவமனையில் கூடாரங்கள் நிரம்பி வழிந்தன. வெளியே திறந்த வெளியில் ஸ்ட்ரெச்சர்களில் ஆயிரக்கணக்கான காயம்பட்டவர்கள். ஆபரேஷன் செய்ய இருந்த டாக்டர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்.

இடையில் கிடைத்த சில நிமிடங்களில் அவர் வெளியே வந்து அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்தார். பலருக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு இல்லை என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. ஆனாலும் தன்னை முதலில் கவனிக்கும்படி ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது அவர் மனதில் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிட்டது. போரின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அங்கேயே போயிற்று. நோயாளி கேட்காமல் இருப்பதால் அவருக்குத் தேவை இல்லை என்று ஆகாது என்ற பாடமும் அங்கேதான் தொடங்கியது என்று நாம் எடுத்துக்கொள்ளலாம்.

மலையில் நடந்த மூன்று சம்பவங்கள்

1922-இல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறுவதற்கான முதல் முயற்சி நடந்தது. அந்தக் குழுவில் சோமர்வெல் ஒருவர். மே 21-ஆம் தேதி மல்லோரி, நார்ட்டன், சோமர்வெல் மூவரும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலேயே 8,000 மீட்டரைத் தாண்டினார்கள். மனிதர் அதற்கு முன் அந்த உயரத்தில் கால் வைத்ததில்லை.

அடுத்த மாதம் ஜூன் 7-ஆம் தேதி மறுபடியும் ஏறப் போனபோது பனிச்சரிவு வந்தது. சுமை தூக்கி வந்தவர்களில் 7 பேர் இறந்தார்கள். ஏறப் போன வெள்ளைக்காரர்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இது சோமர்வெல்லை வாட்டியது. இறந்தவர்களோடு தங்களில் ஒருவரும் போயிருந்தால், ஆபத்தைச் சேர்ந்தே பங்கிட்டோம் என்றாவது அந்தக் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்குமே என்று நினைத்தார்.

1924-இல் மறுபடியும் எவரெஸ்ட். இந்தத் தடவை 4 சுமையாளர்கள் மேலே ஒரு முகாமில் மாட்டிக்கொண்டார்கள். பனி பெய்துகொண்டே இருந்தது. மல்லோரி, நார்ட்டன், சோமர்வெல் மூவருக்கும் உடம்பு சரியில்லை, இருமல் வேறு. அப்படியே ஏறினார்கள். கடைசிச் சரிவில் கயிறு சில கஜம் எட்டவில்லை. 2 பேர் எப்படியோ வந்து சேர்ந்தார்கள். மற்ற 2 பேர் வழுக்கிச் சரிந்து, பள்ளத்துக்கு மேலே பனியில் சிக்கி நின்றார்கள். சோமர்வெல் தன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். பனிக்கோடரியை ஊன்றி, அதில் கயிற்றைச் சுற்றி, அதன் நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டி, ஒவ்வொருவராகச் சட்டைக் கழுத்தைப் பற்றி இழுத்துவிட்டார். 4 பேரும் பிழைத்தார்கள்.

மூன்றாவது சம்பவம் அவருக்கே நடந்தது. ஜூன் 4-ஆம் தேதி நார்ட்டனும் அவரும் உச்சியை நோக்கிப் போனார்கள். ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில் சோமர்வெல்லால் மேலே நகர முடியவில்லை. தொண்டை அவ்வளவு மோசம். நார்ட்டன் மட்டும் இன்னும் கொஞ்சம் போய்த் திரும்பினார். இறங்கும் வழியில் சோமர்வெல்லின் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது. மூச்சு இல்லை. குரல் இல்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த நார்ட்டனைக் கூப்பிட முடியவில்லை. நார்ட்டனோ, நண்பர் வழக்கம்போல் உட்கார்ந்து படம் வரைகிறார் என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தார். சோமர்வெல் பனியில் உட்கார்ந்து சாவை எதிர்பார்த்தார். கடைசியாக ஒரு முயற்சி: இரண்டு கைகளாலும் தன் நெஞ்சை ஓங்கி அழுத்தினார். அடைப்பு ரத்தத்தோடு வெளியே வந்தது. மூச்சு திரும்பியது. குளிரில் கருகிப்போன தொண்டையின் உட்சவ்வே உரிந்து அடைத்திருந்தது.

சில நாட்களில் மல்லோரியும் இர்வினும் ஏறிப்போய்த் திரும்பாமல் போனார்கள். மல்லோரி கையில் கொண்டுபோனது சோமர்வெல்லின் சிறிய கோடக் கேமரா என்பார்கள். 1999-இல் மல்லோரியின் உடல் கிடைத்தது. கேமரா இன்றுவரை கிடைக்கவில்லை.

நார்ட்டன் கெட்டவர் அல்ல. நல்ல நண்பர். அவர் செய்தது நாம் தினமும் செய்வதுதான்: அமைதியாக இருக்கிறார், ஆகவே நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வருவோம்.

நெய்யூரில் தங்கியது எப்படி

1922 பயணம் முடிந்ததும் சோமர்வெல் ஊருக்குத் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். அப்படியே தெற்கே வந்து நெய்யூரை அடைந்தார். அன்று இது திருவிதாங்கூர் சமஸ்தானம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பியூ பணியில் இருந்தார். காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தையும், அதைச் சமாளிக்கப் போதாமல் இருந்த ஆட்களையும் சோமர்வெல் பார்த்தார். லண்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை காத்திருந்தது. அங்கே அவர் இல்லாவிட்டால் இன்னொரு டாக்டர் வருவார். இங்கே அவர் வராவிட்டால் யாரும் வரப்போவதில்லை. கணக்கு அவ்வளவுதான். லண்டன் வேலையை விட்டுவிட்டு 1923-இல் நெய்யூர் வந்து சேர்ந்தார். 1924-இல் எவரெஸ்டுக்குப் போனதே இங்கிருந்துதான். 1925-இல் மார்கரெட் ஹோப் சிம்ப்சனை மணந்தார். மூன்று மகன்கள். தமிழ் கற்றுக்கொண்டார். கால் நூற்றாண்டுக்கு மேல் நம் பக்கத்தில் வாழ்ந்தார்.

அவரிடம் வந்த நோய்கள் இரண்டு வகையில் அதிகம். ஒன்று, குடல் புண். மரச்சீனிக் கிழங்கே பிரதான ஆகாரமாக இருந்த அந்த நாட்களில் தென் திருவிதாங்கூரில் இந்த நோய் அளவுக்கு மீறி இருந்தது. சாப்பாட்டுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அவரும் உடன் பணியாற்றிய டாக்டர் ஓரும் ஆராய்ந்து, தாங்கள் செய்த ஆயிரக்கணக்கான ஆபரேஷன்களின் அனுபவத்தை 1936-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார்கள். மற்றொன்று, கன்னத்தில் வரும் புற்றுநோய். வெற்றிலையோடு புகையிலையை வாயில் அடக்கும் வழக்கம் காரணம். இவருக்கு முன்பு இங்கே இருந்த டாக்டர் பென்டால் 1908-லேயே இப்பகுதியின் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி உலகுக்கு எழுதியிருந்தார். பின்னால் நெய்யூர் ரேடியம் சிகிச்சைக்குப் பேர் பெற்றது.

கத்திக்குப் பிறகு யார்?

இங்கேதான் செவிலியர் வருகிறார்கள். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். பென்சிலின் கிடையாது. இன்றைக்கு ஐ.சி.யு.வில் பீப் பீப் என்று அடிக்கும் இயந்திரம் ஒன்றும் கிடையாது. டாக்டர் ஒரு மணி நேரத்தில் வயிற்றைத் திறந்து மூடிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விடுவார். அதற்குப் பிறகு வரும் பத்துப் பன்னிரண்டு நாட்களில் அந்த நோயாளி பிழைப்பதும் போவதும் யார் கையில்? நாடியைத் தொட்டுப் பார்ப்பவர், கட்டை அவிழ்த்துச் சுத்தம் செய்து மறுபடி கட்டுபவர், முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பவர், கரண்டி கரண்டியாகக் கஞ்சித் தண்ணீர் புகட்டுபவர். கன்னத்துப் புற்று என்றால் நாற்றம் தாங்காது. வீட்டாரே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முகம் சுளிக்காமல் அந்த வாயைக் கழுவிவிட ஒருவர் வேண்டும். எந்த அறுவை மருத்துவரின் புகழுக்குக் கீழும் இப்படிப் பெயர் பதியாத பல கைகள் இருக்கின்றன.

சோமர்வெல் 1949 முதல் 1961 வரை வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவம் கற்பித்தார். அவர் போய்ச் சேர்ந்த இடம் செவிலியத்தை வெறும் எடுபிடி வேலையாக நினைக்காத இடம். ஐடா ஸ்கடர் 1909-லேயே அங்கே செவிலியர் பள்ளி தொடங்கியிருந்தார். 1946-இல் இந்தியாவில் முதன்முதலாக நர்சிங்கில் பட்டப் படிப்பு தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று வேலூர், மற்றது டெல்லி. கை வேலைக்குப் பின்னால் அறிவும் வேண்டும் என்பதை அந்தப் பட்டம் ஊருக்குச் சொன்னது.

எது அக்கறை?

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. நல்ல நர்ஸ் என்று நீங்கள் யாரைச் சொல்வீர்கள்? சிரித்த முகமாகப் பேசுபவரையா, ஒரே குத்தில் நரம்பைக் கண்டுபிடிப்பவரையா?

அமெரிக்காவில் பட்ரிசியா லார்சன் என்ற செவிலியர் ஆய்வாளர் 1980-களில் இதைத்தான் கேட்டார். செவிலியர் செய்யும் 50 செயல்களைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி, எது மிக முக்கியம் என்று வரிசைப்படுத்தச் சொன்னார். செவிலியர்கள் முதலிடம் கொடுத்தது நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதற்கு. புற்றுநோயாளிகள் முதலிடம் கொடுத்தது ஊசியும் டிரிப்பும் சரியாகப் போடத் தெரிவதற்கு. அதற்குப் பிறகு பல நாடுகளில் இதே மாதிரி கேட்டிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே பதில் வந்ததில்லை என்றாலும், அக்கறை என்ற சொல்லுக்குக் கட்டிலில் படுத்திருப்பவர் கொள்ளும் பொருளும், கட்டிலருகே நிற்பவர் கொள்ளும் பொருளும் வேறாக இருப்பது பல தடவை தெரியவந்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். படுத்திருப்பவருக்கு முதலில் பயம். இவர் கையில் என் உயிர் பத்திரமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் அன்பான பேச்சு காதில் விழும். நிற்பவருக்கோ ஊசி போடுவது தினசரி வேலை. அதை அக்கறை என்று அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. அதற்கு மேல் செய்வதைத்தான் அக்கறை என்று நினைக்கிறார்.

சோமர்வெல்லின் வாழ்க்கையை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பனிச்சரிவில் 2 பேரையும் காப்பாற்றியது இரக்கம் மட்டுமா? கோடரியை எப்படி ஊன்ற வேண்டும், கயிற்றை எப்படிச் சுற்ற வேண்டும் என்று தெரிந்திருந்தது. அது மட்டும் போதுமா? அதுவும் இல்லை. கயிற்றைத் தெரிந்த எத்தனையோ பேர் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்க்க மாட்டார்கள். திறமை இல்லாத இரக்கம் கையை நீட்டி இரண்டு பேரும் விழுவதில் முடியும். இரக்கம் இல்லாத திறமை, கயிறு எட்டவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பும். நல்ல செவிலியரிடம் இந்த இரண்டும் ஒரே கையில் இருக்கும். வலிக்காமல் ஊசி போடுவதும் ஒரு அன்புதான். நோயாளி சொல்வதைக் கேட்பதும் ஒரு திறமைதான், ஏனென்றால் பல சமயம் அந்தப் பேச்சில்தான் நோயின் முதல் அறிகுறி இருக்கும்.

நம் வீட்டுக்கு வருவோம்

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நர்ஸ் வேலைக்குக் கேரளாவுக்கும் வளைகுடாவுக்கும் இன்னும் தூரத்துக்கும் போயிருக்கிறார்கள். உங்கள் சொந்தத்திலேயே ஒருவர் இருப்பார். மறுபக்கம், நம் குடியிருப்பில் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வயதான தாய் தகப்பன் மட்டும் இருக்கும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. இன்றோ நாளையோ நாம் ஒவ்வொருவரும் ஆஸ்பத்திரியில் கூட நிற்க வேண்டிவரும், அல்லது வீட்டுக்கு ஒரு ஹோம் நர்ஸ் வைக்க வேண்டிவரும். ஆகவே சில விஷயங்கள்.

ஆஸ்பத்திரியில் கூட நிற்கும்போது, நர்ஸைக் குறை சொல்வதற்கு முன் அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள். அப்பாவுக்கு இடது காது கேட்காது, அம்மா வலி இருந்தாலும் வாய் திறக்க மாட்டார், ராத்திரி விளக்கு இல்லாவிட்டால் பயப்படுவார். இதை நீங்கள்தான் சொல்ல முடியும். ஒரு நர்ஸ் எத்தனையோ கட்டில்களைப் பார்க்கிறார். நீங்கள் ஒரு கட்டிலைப் பார்க்கிறீர்கள்.

ஹோம் நர்ஸ் வைக்கும்போது, சம்பளம் எவ்வளவு என்பதோடு நிற்காமல் என்ன தெரியும் என்று கேளுங்கள். படுக்கைப் புண் வராமல் பார்க்கத் தெரியுமா? சர்க்கரை குறைந்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்? தெரிந்தவர் என்றால் அதற்குரிய மரியாதையையும் கொடுங்கள். பாத்திரம் கழுவுவதையும் துணி துவைப்பதையும் அவர் தலையில் கட்டினால், பெரியவரைக் கவனிக்க அவருக்கு நேரம் எங்கே மிஞ்சும்? அவருக்கும் தூக்கம் வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். தூங்காதவர் கையில் மருந்து மாறும்.

நம் குடியிருப்பிலேயே இருக்கும் நர்ஸ்களை நினைத்துப் பாருங்கள். நைட் டூட்டி முடிந்து காலையில் வந்து படுப்பவர் வீட்டு வாசலில் பிள்ளைகள் பந்து விளையாடாமல் பார்த்துக்கொண்டால், அது மே 12 வாழ்த்துப் படத்தைவிடப் பெரிய மரியாதை.

கடைசியாக, நார்ட்டன் விஷயம். பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு நாளாகக் கீழே நடக்க வரவில்லையா? கதவில் தொங்கும் பால் பை அப்படியே இருக்கிறதா? பேரன் வீட்டுக்குப் போயிருப்பார், டிவி பார்த்துக்கொண்டிருப்பார் என்று நாமாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு படி இறங்கிவிடுகிறோம். மூச்சு அடைத்தவரால் கூப்பிட முடியாது. ஒரு தடவை மணியை அடித்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகும்.

சோமர்வெல் 1961-இல் இங்கிலாந்து திரும்பினார். புகழ்பெற்ற ஆல்பைன் மலையேற்றச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். 1922 எவரெஸ்ட் குழுவினருக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அவரிடமும் இருந்தது. 1975 ஜனவரி 23-ஆம் தேதி, தன் 84-ஆம் வயதில் ஆம்பிள்சைடில் காலமானார். இங்கிருந்து எல்லை தாண்டிக் காரக்கோணத்தில் அவர் பெயரில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அடுத்த முறை நெய்யூர் வழியாகப் போகும்போது ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு பார்வை பாருங்கள். ஷிப்ட் மாறும் நேரமாக இருந்தால், வேலை முடித்துப் பஸ்ஸுக்கு நடந்து போகும் செவிலியர்களும் கண்ணில் படுவார்கள்.

ஒரு வேண்டுகோள்: தனியாக இருக்கும் பெரியவர்களின் வீட்டு எண்ணும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினர் எண்ணும், உறங்கும் நேரத்திலும் கூப்பிட்டால் வரச் சம்மதிக்கும் அக்கம்பக்கத்தார் பெயரும் கொண்ட ஒரு பட்டியல் ஒவ்வொரு பிளாக்கிலும் இருந்தால் நல்லது. அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசுவோம். உங்கள் பிளாக்கில் யார் யார் என்பதை அதற்குள் நீங்களே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.